யங்ஸ்டவுன்: ஆலைச் சம்பளத்தில் வளர்ந்த மாஃபியா

1990களின் இறுதியிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மஹோனிங் கவுண்டியைச் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் மத்திய அரசு தொடுத்த வழக்குகளில் தண்டனை பெற்றனர். அந்தப் பட்டியலில் சூதாட்டம் நடத்தியவர்களும் கூலிக்குக் கொலை செய்தவர்களும் இடம்பெற்றதில் வியப்பில்லை. பதவியில் இருந்த ஷெரிப் (கவுண்டியின் காவல் தலைவர்), கவுண்டியின் முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர், நீதிபதிகள், அவர்களுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்த வழக்கறிஞர்கள், ஒன்பது முறை வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் என எல்லோரும் அதில் இருந்ததுதான் வியப்பு. அந்தக் கவுண்டியின் தலைநகரான யங்ஸ்டவுன் நியூயார்க்கோ சிகாகோவோ அல்ல. உச்சத்தில் இருந்த 1930இல்கூட அதன் மக்கள்தொகை 1,70,002 மட்டுமே; 2020 கணக்கெடுப்பில் அது 60,068 ஆகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை பதவிகள் எப்படி விலைக்குப் போயின என்ற கேள்விக்கு, குற்றவாளிகளின் வாழ்க்கை வரலாற்றைவிட அந்த ஊரின் பொருளாதார வரலாறே தெளிவான விடை தருகிறது என்பது என் கருத்து.

மஹோனிங் ஆற்றின் கரையோரமாகப் பல மைல் நீளத்துக்கு உருக்காலைகள் வரிசையாக நின்ற பள்ளத்தாக்கு அது. 1900இல் தொடங்கப்பட்ட யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப், ரிபப்ளிக் ஸ்டீல், யு.எஸ். ஸ்டீலின் ஒஹாயோ ஆலை ஆகியவை இரவு பகலாக ஓடின. இத்தாலியர், ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், போலந்துக்காரர், கிரேக்கர் ஆகியோரும், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். மூன்று ஷிப்டு வேலையும் தவறாமல் கைக்கு வரும் ரொக்கக் கூலியும் கொண்ட இவர்களில் பலருக்கு வங்கியோடு பழக்கமில்லை, ஆங்கிலம் அரைகுறை, போலீஸ் மீதோ நம்பிக்கையே இல்லை.

அந்த நம்பிக்கையின்மைக்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1916 ஜனவரியில், பின்னாளில் கேம்பல் என்று பெயர் மாறிய கிழக்கு யங்ஸ்டவுனில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது ஆலைக் காவலர்கள் சுட்டார்கள்; அன்றிரவு கடைவீதி எரிந்தது. 1923இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஆதரித்த வேட்பாளர் யங்ஸ்டவுன் மேயரானார். மதுவிலக்குச் சட்டத்தை நிலைநாட்டுகிறோம் என்ற பெயரில் க்ளான் குறிவைத்தது பெரும்பாலும் கத்தோலிக்கக் குடியேறிகளின் குடியிருப்புகளைத்தான். அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, பக்கத்து ஊரான நைல்ஸில் க்ளானுக்கும் அதை எதிர்த்துத் திரண்ட கத்தோலிக்கர்களுக்கும் இடையே மூண்ட தெருச்சண்டை, ராணுவச் சட்டம் அறிவிக்கும் அளவுக்குப் போனது. 1937 வேலைநிறுத்தத்தின்போது ரிபப்ளிக் ஸ்டீல் வாசலில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சட்டம் என்பது கம்பெனிக்காரனின் கைத்தடி என்று இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் இத்தனை முறை கண்ட ஒரு சமூகத்துக்கு, அதே சட்டத்தை வேறொருவன் காசு கொடுத்து வாங்குவது பெரிய அதிர்ச்சியாகப் பட்டிருக்காது.

தொடக்கத்தில் குற்றவாளிகளும் தங்கள் ஊர்க்காரர்களையே சுரண்டினார்கள். பென்சில்வேனியா எல்லைக்கு அப்பால் இருந்த ஹில்ஸ்வில்லில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் இருந்தன. ‘ஹெல்டவுன்’ என்று ஊராரால் அழைக்கப்பட்ட அந்த இடத்தில் 1900களின் முதல் பத்தாண்டிலேயே ‘கறுப்புக் கை’ என்ற பெயரில் இத்தாலியத் தொழிலாளர்களிடம் மிரட்டிக் கப்பம் வாங்கும் கும்பல் இயங்கியது. 1906இல் வனவிலங்குக் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகே அரசு அங்கே தீவிரமாகப் பார்வையைத் திருப்பியது. ஆனால் மிரட்டிப் பறிப்பது நீடித்து நிற்கும் தொழில் அல்ல. பறிகொடுத்தவன் என்றாவது எதிர்ப்பான், அல்லது ஊரைவிட்டே போய்விடுவான். 1920இல் நாடு முழுவதும் வந்த மதுவிலக்கு, அதைவிடச் சிறந்த வழியைக் காட்டியது: மக்கள் விரும்பி வாங்கும் பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்பது. மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது சாராயத்தின் இடத்தைச் சூதாட்டம் பிடித்துக்கொண்டது.

யங்ஸ்டவுனில் அதற்கு ‘பக்’ என்று பெயர். 000 முதல் 999 வரை ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்ணின் மீது சில காசுகளைக் கட்டலாம். வென்ற எண், பத்திரிகையில் அன்றாடம் அச்சாகும் பங்குச் சந்தை விவரங்களிலிருந்து எடுக்கப்படும். ஆகவே நடத்துபவன் ஏமாற்றுகிறான் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இத்தகைய ஆட்டங்களில் பரிசோ கட்டிய காசைப் போல ஐந்நூறு அறுநூறு மடங்குதான். இடைப்பட்ட வித்தியாசத்தில், சீட்டு எழுதி வசூலிப்பவனின் கமிஷன் போக மீதி முழுவதும் மேலே போய்ச் சேரும். அந்த வசூல்காரர்கள் ஆலைக்குள்ளும், முடிதிருத்தகத்திலும், மதுக்கடையிலும், மளிகைக்கடையிலும் இருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் தெரிந்த முகங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு பாட்டி தன் கனவில் வந்த எண்ணுக்கு ஐந்து சென்ட் கட்டுவதைக் குற்றம் என்று அந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை. ‘பக்’ தவிர, கேம்பலில் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து வந்த ‘பார்புட்’ என்ற பகடையாட்டம், குதிரைப் பந்தயப் புக்கிகள், மதுக்கடைகளில் வைக்கப்பட்ட காசுபோடும் இயந்திரங்கள் என்று பணம் வரும் வழிகள் பல. எல்லாவற்றின் ஊற்றும் ஒன்றே: சம்பள நாள்.

இந்தத் தொழிலுக்கு இருக்கும் பலவீனம், அதை ஒளித்து நடத்த முடியாது என்பதே. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தால்தான் வாடிக்கையாளர் வருவார். எல்லோருக்கும் தெரிந்தது போலீசுக்கும் தெரியும். எனவே போலீசுக்கு மாமூல் கொடுப்பது தொழிலின் அன்றாடச் செலவுகளில் ஒன்றாகிறது. இங்கே அமெரிக்க உள்ளாட்சி அமைப்பின் தன்மை மாஃபியாவுக்குக் கைகொடுத்தது. அங்கே ஷெரிப், அரசு வழக்கறிஞர், நீதிபதி ஆகிய எல்லாரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேர்தல் செலவு உண்டு. பள்ளத்தாக்கில் யங்ஸ்டவுன், கேம்பல், ஸ்ட்ரதர்ஸ், கிரார்ட், நைல்ஸ், வாரன் என்று அடுத்தடுத்து ஒட்டிய ஊர்களுக்குத் தனித்தனி நிர்வாகமும் தனித்தனிப் போலீசும் இருந்தன. ஓர் ஊரில் நெருக்கடி வந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டி அடுத்த ஊரில் கடையைத் திறக்கலாம்.

இதன் உச்சம் ‘ஜங்கிள் இன்’. யங்ஸ்டவுனுக்கு வடக்கே, டிரம்புல் கவுண்டியில், ஃபாரா சகோதரர்கள் நடத்திய இந்தச் சூதாட்ட விடுதி இருந்த இடம், ஹால்ஸ் கார்னர்ஸ் என்ற குட்டிக் கிராமமாகத் தனியே பதிவு செய்யப்பட்டிருந்தது. தனக்கென ஓர் ஊராட்சியையே வைத்துக்கொண்ட சூதாட்ட விடுதி என்று அதைச் சொல்லலாம். உள்ளே ஆயுதம் தாங்கிய காவலன் உட்கார்ந்து கூட்டத்தைக் கண்காணிக்க ஓர் எஃகுக் கூண்டு வைத்திருந்தார்கள். கவுண்டி அதிகாரிகள் பல ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் இருந்தனர். ஒஹாயோவில் எல்லாக் குற்றங்களையும் விசாரிக்கும் அதிகாரம் கொண்ட மாநிலப் போலீஸ் கிடையாது. நெடுஞ்சாலைக் காவல் படைதான் உண்டு. எனவே 1949 ஆகஸ்டில் ஆளுநர் ஃபிராங்க் லாஷ் அந்த விடுதியைச் சோதனையிட அனுப்பியது மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆட்களை! அந்தச் சோதனைக்குப் பிறகு விடுதி மூடப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு யங்ஸ்டவுனிலேயே ஒரு சீர்திருத்த முயற்சி தொடங்கியிருந்தது. சூதாட்டக் கும்பலின் ஆதிக்கத்தை உடைப்பேன் என்று சொல்லி மேயரான சார்லஸ் ஹென்டர்சன், எட்வர்ட் ஆலன் என்பவரை வெளியூரிலிருந்து அழைத்துவந்து போலீஸ் தலைவராக்கினார். ஆலன் நேர்மையானவர், கெடுபிடியும் செய்தார். சில ஆண்டுகளுக்குக் கும்பல்கள் ஒடுங்கின. ஆனால் ஹென்டர்சனின் பதவிக்காலம் முடிந்ததும் அந்த முயற்சிக்கும் முடிவு வந்தது. ஒருவரின் நேர்மையை நம்பி நடந்த சீர்திருத்தம், அவர் பதவியில் இருக்கும்வரைதான் நின்றது. ‘பக்’ சீட்டு எழுதிய வசூல்காரன் மேயர் மாறினாலும் மாறுவதில்லை.

வருமானம் பெரிது, உரிமையாளர் யார் என்பது தெளிவில்லை. இதுதான் யங்ஸ்டவுனின் தனிச் சிக்கல். நகரம் கிளீவ்லேண்டுக்கும் பிட்ஸ்பர்குக்கும் ஏறத்தாழ நடுவில், இரண்டிலிருந்தும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரு நகரங்களிலும் தனித்தனி மாஃபியா குடும்பங்கள் இருந்தன. யங்ஸ்டவுனுக்கு என்று சொந்தக் குடும்பம் இருக்கவில்லை. உள்ளூர்த் தலைவர்கள் யாராவது ஒரு பக்கம் சாய்ந்தே பிழைக்க வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொல்ல ஒரே தலைமை இல்லாத இடத்தில் தகராறுகள் காரடியில் வைத்த டைனமைட் குச்சியில் முடிந்தன. 1960 மார்ச்சில் சாண்டி நேப்பிள்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961 ஜூலையில் வின்ஸ் டிநீரோவும், 1962 ஜூலையில் சாண்டியின் தம்பி பில்லியும் கார்க் குண்டுகளுக்கு இரையானார்கள். காரை ஸ்டார்ட் செய்யும்போது வெடிக்கும் குண்டுக்கு ‘யங்ஸ்டவுன் டியூன்-அப்’ என்று கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன என்ற மனநிலையை அந்தக் கேலியே காட்டுகிறது.

1962 நவம்பர் 23 அன்று அந்தக் கேலி நின்றுபோனது. ‘காடிலாக் சார்லி’ என்று அறியப்பட்ட சார்லஸ் கவல்லாரோ, தன் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக் கொட்டகையில் காரைக் கிளப்பியபோது குண்டு வெடித்தது. அவரும் 11 வயது மகனும் இறந்தார்கள்; இன்னொரு மகன் படுகாயமடைந்தான். 1963 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழ் இந்த நகரத்துக்கு ‘க்ரைம்டவுன், யு.எஸ்.ஏ.’ என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ராபர்ட் கென்னடியின் காலத்தில், மாநில எல்லை தாண்டிய சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்கள் 1961இல் ஏற்கெனவே வந்திருந்தன. மத்திய அரசின் கவனம் இப்போது யங்ஸ்டவுன் மீது விழுந்தது. குண்டுகள் சில காலம் குறைந்தன. தொழில் குறையவில்லை.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் கேம்பல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேரின் வேலை போனது. அந்நிறுவனத்தை 1969இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்ற கப்பல் நிறுவனம் வாங்கியிருந்தது; ஆலையைப் புதுப்பிக்க வேண்டிய பணம் உள்ளே வரவில்லை. ஆலையை ஊர்மக்களே வாங்கி நடத்த தேவாலயங்கள் ஒன்றுகூடி முயன்றன; கார்ட்டர் அரசு அதற்கான கடன் உத்தரவாதத்தை 1979இல் மறுத்துவிட்டது. அதே ஆண்டு யு.எஸ். ஸ்டீலும் தன் ஆலைகளை மூடுவதாகச் சொன்னது. சில ஆண்டுகளுக்குள் பள்ளத்தாக்கு முழுவதிலுமாகப் பல்லாயிரக்கணக்கான வேலைகள் மறைந்தன.

ஆலை போனால் மாஃபியாவும் போயிருக்க வேண்டுமே என்று தோன்றலாம். போகவில்லை, ஆனால் அதன் பொருளாதாரம் தலைகீழானது என்பதே என் வாதம். போதாக்குறைக்கு, 1974இல் தொடங்கிய ஒஹாயோ அரசு லாட்டரி 1979இல் தினசரி மூன்று இலக்க ஆட்டத்தையே அறிமுகப்படுத்தியது. அரை நூற்றாண்டாகக் கும்பல் நடத்தியதை இப்போது அரசே சட்டப்படி நடத்தியது. ஆலை ஓடிய காலத்தில் அதிகாரிகளுக்குக் கொடுத்த காசு, சம்பளப் பணத்தைத் தொந்தரவில்லாமல் உறிஞ்சுவதற்கான காப்பீடு. சம்பளப் பணம் வற்றியபோது, ஊரில் மிச்சமிருந்த பெரிய சொத்துகளில் ஒன்று அரசுப் பதவிகளும் அவற்றின் தீர்மானங்களும். வழக்கை முடித்துவைப்பது, தண்டனையைக் குறைப்பது, ஒப்பந்தங்களைத் திருப்பிவிடுவது ஆகியவை இப்போது துணைத் தொழிலாக இல்லாமல் முதன்மைத் தொழிலாக மாறத் தொடங்கின.

சுருங்கிய வருமானத்துக்காகச் சண்டையும் கடுமையானது. கராபியா சகோதரர்கள் கிளீவ்லேண்ட் பக்கம். ஜிம்மி ப்ராட்டோவும், கொல்லப்பட்ட நேப்பிள்ஸ் சகோதரர்களின் தம்பி ஜோயியும் பிட்ஸ்பர்க் பக்கம். கராபியாக்களில் ஒருவரான ரொனால்ட், 1977இல் கிளீவ்லேண்ட் அருகே டேனி கிரீன் என்ற போட்டிக் கும்பல் தலைவரைக் கார்க் குண்டு வைத்துக் கொன்ற வழக்கில் சிறைக்குப் போனார். ‘நண்டு’ என்று அழைக்கப்பட்ட சார்லி கராபியா 1980 டிசம்பரில் காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் எஃப்.பி.ஐ. கைக்கு வந்தன. அவற்றில் கேட்ட குரல் அந்த ஆண்டு ஷெரிப் தேர்தலில் வென்ற ஜேம்ஸ் டிராஃபிகன்டுடையது. இரு தரப்பிடமிருந்தும் அவர் மொத்தம் 1,63,000 டாலர் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு.

டிராஃபிகன்டின் கதையில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் யங்ஸ்டவுன் வாக்காளர்களைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியில்லை. 1983இல் கிளீவ்லேண்ட் நீதிமன்றத்தில் அவர் வழக்கறிஞர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். அவர் சட்டம் படித்தவர் அல்லர். மாஃபியாவைப் பொறியில் சிக்கவைக்கத் தனியாளாக ரகசிய நடவடிக்கை நடத்தியதாகவும், அதற்காகவே பணம் வாங்கியதாகவும் சொன்னார். ஜூரிகள் அவரை விடுவித்தனர். (1987இல் வரித் தீர்ப்பாயம் அந்தப் பணத்தை லஞ்சம் என்று கொண்டு வரி கட்டச் சொன்னது வேறு விஷயம்.) வழக்கு நடந்த அதே காலகட்டத்தில், வேலையிழந்து தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்ற ஷெரிப் டிராஃபிகன்ட் மறுத்தார், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சில நாட்கள் சிறையிலும் இருந்தார். வங்கிக்கும் கம்பெனிக்கும் மத்திய அரசுக்கும் எதிராகத் தங்களுக்காக நின்ற ஒரே மனிதர் என்று மக்கள் அவரை எண்ணினார்கள். 1984இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த எட்டுத் தேர்தல்களிலும் அவரே வென்றார். இது வாக்காளரின் அறியாமை என்று சொல்வது எளிது. ஆனால் ஆலை மூடியபோது சட்டப்படி நடந்தவர்கள் எல்லோரும் ஊரைக் கைவிட்டதைக் கண்டவர்களுக்கு, சட்டத்தை மீறித் தங்கள் பக்கம் நின்றவர்மீது பற்று வந்ததில் ஒரு தர்க்கம் இருக்கவே செய்கிறது.

1991 ஆகஸ்டில் ஜோயி நேப்பிள்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபின் பிட்ஸ்பர்க் குடும்பத்தின் சார்பில் பள்ளத்தாக்கை ஆண்டவர் லென்னி ஸ்ட்ரோல்லோ. 1996 ஜூனில் அவருடைய போட்டியாளர் எர்னி பியாண்டில்லோ பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நடந்த தேர்தலில், ஸ்ட்ரோல்லோவின் ஆட்களோடு ஒத்துழைத்த அரசு வழக்கறிஞர் தோற்று, பால் கெய்ன்ஸ் வென்றார். வழக்குகளை விலைக்கு முடித்துவைக்கும் ஏற்பாடு நின்றுபோகும் என்று ஸ்ட்ரோல்லோ அஞ்சினார். டிசம்பர் 24 இரவு, பதவியேற்க ஒரு வாரமே இருந்தபோது, கெய்ன்ஸின் வீட்டுக்குள் புகுந்த ஒருவன் அவரைச் சுட்டான். முதல் குண்டுகள் உயிரை வாங்கவில்லை. அருகில் வந்து மீண்டும் சுட முயன்றபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. கெய்ன்ஸ் பிழைத்தார், குறித்தபடி பதவியும் ஏற்றார். பல மாதங்களுக்குப் பின், சதியில் இருந்தவர்களில் ஒருவனின் முன்னாள் காதலி கெய்ன்ஸுக்கே தொலைபேசியில் சொன்ன தகவல் வழக்கின் முடிச்சை அவிழ்த்தது.

சூதாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்வதைப் பொறுத்துக்கொண்ட ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வழக்கறிஞரைக் கொல்ல முயன்றது, கும்பலின் பலத்தைவிட அதன் பதற்றத்தையே காட்டுகிறது. பதவியை விலைக்கு வாங்கியே பழகியவர்கள், விலைபோகாத ஒருவர் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினார்கள். 1997 டிசம்பரில் ஸ்ட்ரோல்லோ கைதானார். 1999இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அப்ரூவர் ஆனார்; தன் சொந்த ஆட்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். எஃப்.பி.ஐ.யின் ஒட்டுக்கேட்புப் பதிவுகளோடு அந்தச் சாட்சியமும் சேர்ந்ததும், தொடக்கத்தில் சொன்ன நீண்ட பட்டியல் உருவானது.

டிராஃபிகன்டும் அந்த அலையில் சிக்கினார், ஆனால் மாஃபியா பணத்துக்காக அல்ல. ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கிய சலுகைகள், அலுவலக ஊழியர்களின் சம்பளத்தில் பங்கு பிடித்தது, அவர்களைத் தன் பண்ணையில் வேலை வாங்கியது ஆகியவற்றுக்காக 2002 ஏப்ரலில் பத்துக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியெனத் தீர்ப்பானது. இம்முறையும் தானே வாதாடினார், இம்முறை பலிக்கவில்லை. ஜூலை 24 அன்று 420க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனையோடு உள்ளே இருந்தபடியே அந்த நவம்பரில் சுயேச்சையாகப் போட்டியிட்டார். சுமார் 15 சதவீத வாக்குகள் விழுந்தன.

அதன்பிறகு அங்கே சொல்லிக்கொள்ளும்படியான மாஃபியா தலைமை எதுவும் எழவில்லை. பிட்ஸ்பர்க், கிளீவ்லேண்ட் குடும்பங்களே தேய்ந்துபோயின. வசூலிக்கச் சம்பள நாள் இல்லை. எண் ஆட்டம் அரசின் கையில் இருக்கிறது. 2014இல் யங்ஸ்டவுனை ஒட்டிய ஆஸ்டின்டவுனில் குதிரைப் பந்தயத் திடலோடு திறக்கப்பட்ட சூதாட்ட மையத்தின் இயந்திரங்களை மேற்பார்வையிடுவதும் ஒஹாயோ லாட்டரி ஆணையமே. ஆனால் பதவியும் பேரமும் சேர்ந்த வழக்குகள் முற்றாக நின்றுவிடவில்லை. கவுண்டி அலுவலகம் ஒன்றை வேறொரு கட்டடத்துக்கு மாற்றுவதைத் தடுக்க நடந்த முறைகேடுகள் பற்றிய வழக்கில், பதவியில் இருந்த மேயரும் முன்னாள் கவுண்டி தணிக்கையாளரும் 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அந்த வழக்கில் மாஃபியா யாரும் இல்லை.